அண்ணன் எடுத்த பொட்டலம்

தெரு முனைப் பிள்ளையார் முன்னால் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இரண்டும் ஒரே வாழையிலையிலிருந்து கிழித்த துண்டுகள், ஒரே அளவு. தறியில் மிஞ்சிய பச்சைப் பட்டு நூலால் இரண்டையும் ஒரே மாதிரி சுற்றிக் கட்டியிருந்தேன். கட்டியவன் பொட்டலத்தை எடுக்கக் கூடாது என்பது முறை. அதனால் நான் தள்ளி நின்றேன்.

அண்ணனுக்குத் தலையில் ஈரம் காயவில்லை. குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். பிள்ளையாரை மூன்று முறை சுற்றி வந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் அண்ணி கற்பூரத் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் என் மனைவி லோகநாயகி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை.

"எடுங்க. கற்பூரம் அணையப் போவுது" என்றாள் அண்ணி.

வெள்ளைப் பூ வந்தால் நானும் லோகாவும் அண்ணன் வீட்டிலேயே இருப்பது. சிவப்பு வந்தால் தனிக்குடித்தனம் போவது. அப்படித்தான் பேச்சு.

அண்ணன் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினார். இடப்பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டார், விட்டார். வலப்பக்கத்தை எடுத்தார். நூலை அவிழ்க்க அவருக்கு நேரமானது. இலைக்குள் சிவப்பு அரளி இருந்தது.

"செவப்பு" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி நடேசா. சாமி சொல்லிடுச்சு."

நான் முந்திக்கொண்டு மற்றப் பொட்டலத்தை எடுத்தேன். எடுக்காமல் விட்டதைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பதும் முறைதான். குளத்துப் படியில் இறங்கி வீசினேன். அது முழுகவில்லை. மிதந்துகொண்டே படிப் பக்கம் திரும்பி வந்தது. ஒரு குச்சியை எடுத்துத் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

அண்ணி மேல்படியில் நின்று, "அழுவாதப்பா தம்பி. ஒரு தெரு தள்ளித்தானே போற" என்றாள்.

நான் அழவில்லை. அந்தப் பொட்டலத்துக்குள்ளும் சிவப்பு அரளிதான் இருந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த காரியங்களையே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு சாயக்காரர் நிறத்தைக் கெடுத்த கதையை எழுதினேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஐயா, உங்கள் தொடரில் உங்களைத் தவிர எல்லாரும் தப்புச் செய்கிறார்களே, எப்படி?" என்று கேட்டு எழுதியிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு பழைய அத்தியாயங்களை எடுத்துப் புரட்டினேன். அந்த அம்மாள் சொல்வது சரி. அதனால்தான் இந்த வாரம் பொட்டலக் கதை.

அந்த நாளில் எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எல்லாவற்றுக்கும் பூ கேட்பார்கள். பெண் கொடுக்கலாமா, வீடு மாறலாமா, குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் படுக்கலாமா, எல்லாம் பூவில்தான் முடிவாகும். எங்கள் எதிர் வீட்டுக்காரர் மூக்குப்பொடி போடுவதை விடலாமா என்று கேட்டார். விடு என்று வந்தது. அவர் அடுத்த தெருப் பிள்ளையாரிடம் போய் மறுபடியும் கேட்டார். அங்கே சாதகமாக வந்ததும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பொடியைப் போட்டார். அந்தப் பிள்ளையார்தான் அவருக்குக் கடைசி வரைக்கும் இஷ்ட தெய்வம்.

இந்த வழக்கத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. முடிவு யாருடையதும் இல்லை. பிறகு நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் இதனால் சண்டையில்லாமல் இருந்தன. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. நான் செய்தது வேறு.

அண்ணன் கை

எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்கு இருபது. பேர் ஏகாம்பரம். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது, தறியில் உட்கார வைத்தது எல்லாம் அவர்தான்.

அவருக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை இருந்தது. தறியில் நீளவாட்டில் கட்டிய நூல்களைப் பாவு என்போம். ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் நூல்களைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகத் திரித்துச் சேர்ப்பார்கள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் முதல் இழையைக் கைராசிக்காரர் ஒருவர்தான் சேர்க்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அந்தக் கை அண்ணன் கை. முசரவாக்கத்திலிருந்து எங்கள் உறவுக்காரர் ஒருவர் இதற்கென்றே சைக்கிளில் வந்து அவரைக் கூட்டிப்போவார். ஒரு இழையைச் சேர்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அண்ணன் அதே சைக்கிளில் திரும்புவார். வாய்விட்டுப் பெருமை பேச மாட்டார். ஆனால் அந்த நாட்களில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

இப்படிப்பட்டவரோடு இருக்க எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் கஷ்டம்.

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். நெய்கிறவர் ஒருவர் நடுவில் உட்கார, கரை நூலை ஓட்டுகிற நாடாவை வாங்கி விட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் நான். பதினைந்து வருஷம் ஒரே பலகையில் அவர் தோள் என் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

நான் இரண்டு இட்லி தின்றால் ஏன் மூன்று தின்னவில்லை என்பார். நீலச் சட்டை போட்டால் வெள்ளை போடு என்பார். நான் தும்மினால் அண்ணி கஷாயம் வைக்கப் போய்விடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கும் லோகாவுக்கும் தறிக்குழிக்குப் பக்கத்தில் பழைய சேலையைத் திரையாகக் கட்டிய இடம்தான் இருந்தது. நாங்கள் என்ன பேசினாலும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் அன்போடு பதில் சொல்வார்.

எனக்கு ஒரு கதவு வேண்டும் போலிருந்தது. என் தறி, என் கதவு, நான் சாத்தினால் சாத்திய கதவு.

"எனக்குத் தனியாப் போவணும்ணா." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. புழக்கடைச் சுவரைப் பார்த்துப் பல நாள் சொல்லிப் பழகினேன். சுவரிடம் நன்றாக வந்தது. அண்ணன் திரும்பி "இன்னாடா?" என்றதும், "ஒண்ணும் இல்லண்ணா" என்றுதான் வந்தது. நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவரை விட்டுவிட்டுப் போகிறவனாக நான் இருக்கக் கூடாது. ஆனால் போகவும் வேண்டும்.

அப்போதுதான் ஒரு நாள் சாப்பிடும்போது, இடம் நெருக்கடியாக இருக்கிறது, பூ வேண்டுமானால் கேட்டுப் பார்ப்போமா என்று சும்மா சொல்வதுபோல் சொன்னேன். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "கேளு. சாமி இன்னா சொல்லுதோ அதுதான்" என்றார்.

ஒரு தெரு தள்ளி

நாங்கள் குடிபோன வீட்டில் ஒரு தறி போட இடம் இருந்தது. பின்னால் ஒரு அரளிச் செடியும் ஒரு நந்தியாவட்டையும் நின்றன. கிணறு இல்லை. லோகா தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்க வேண்டும். மழை வந்தால் ஓடு ஒழுகியது.

"இந்த வூட்டுல மனுஷன் இருப்பானா?" என்பாள்.

"நான் இன்னா பண்றது? சாமி சொன்னது" என்பேன்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு உபயோகப்பட்டது என்று சொல்லி முடியாது. பாவு சிக்கலானால் பாவு போட்டவன் சரியில்லை. கரை பிசகினால் கோர்வைக்கு உட்கார்ந்த லோகா சரியில்லை. மற்றதெல்லாம் சாமி. என் கணக்கில் எதுவும் ஏறவில்லை. நான் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெருக்குழாயடியில் வேறு பேச்சு ஓடியது. "வந்தா, ஒரு வருசத்துல பிரிச்சிக்கினு போயிட்டா" என்று லோகா காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அண்ணியை விட்டு வர இஷ்டமே இல்லை. அண்ணியோடு பேசிக்கொண்டு வேலை செய்வதுதான் அவளுக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷம்.

"நான் கேக்கவே இல்லியே. என்ன ஏன் சொல்றாங்க?" என்று என்னிடம் வந்து கேட்பாள்.

"ஜனங்க அப்டித்தான்" என்பேன். ஜனங்கள் மேல் போடுவது இன்னும் சுலபம்.

இதெல்லாம் கூடப் போகட்டும். அடுத்த பொங்கலுக்கு நடந்ததுதான் எனக்கு உறைத்தது. லோகா கொடுத்த பொங்கலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் முசரவாக்கத்து உறவுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். உள்ளே அண்ணி குரல் கேட்டது.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. ஒரு இழ சேத்துட்டு வந்தா இன்னா?"

"வாணாம். இந்தக் கை வாணாம்."

"கைக்கு இன்னா ஆச்சு?"

"வெள்ள வரணும்னு வேண்டிக்கினுதான் எடுத்தேன். மொதல்ல ஒண்ணத் தொட்டேன். தொட்டதையே எடுத்திருந்தா வெள்ள வந்திருக்கும். விட்டுட்டு இன்னொண்ண எடுத்தேன். தூக்கி வளத்த கையாலயே அவன வெளிய எடுத்துப் போட்டுட்டேன். இத்த எடுத்துக்கினு போயி இன்னொருத்தன் பாவுல வெக்கச் சொல்றியா?"

நான் வாசலிலேயே நின்றேன். பாத்திரம் சூடாக இருந்தது. துண்டைச் சுற்றிப் பிடிக்காததால் விரல் சுட்டது. உள்ளே போய் அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். பாத்திரத்தை வைத்துவிட்டு, "லோகா குடுத்தா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் தன் தறியில்கூட முதல் இழையைச் சேர்க்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே பிள்ளையாரை ஒன்பது சுற்றுச் சுற்றினார். என்ன குற்றம் செய்தோம் என்று தெரிய வேண்டுமாம். இப்படி ஏழு வருஷம் போனது. நாங்கள் நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம். ஆனால் அவர் என்னை விருந்தாளியைப் போல நடத்தினார். எத்தனை இட்லி தின்றேன் என்று அவர் கேட்பதே இல்லை.

அரளிச் செடி

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பால்வாடி ஒன்று வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். லோகா எட்டாவது வரை படித்தவள். எங்கள் மகள் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

"என்ன வரச் சொல்லி கேக்கறாங்க. போவட்டா?" என்றாள். கேட்கும்போதே அவள் முகத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட சந்தோஷம் இருந்தது.

அவள் போனால் கோர்வைக்கு யார் உட்காருவது? எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. போகாதே என்று சொன்னால் கெட்ட புருஷன். போ என்றால் தறி பாதி நிற்கும்.

"பூவு கேட்டுடலாம்" என்றேன். "வெள்ள வந்தா போவ வாணாம். செவப்பு வந்தா போ."

லோகா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. வெள்ளிக்கெழம கேப்போம்" என்றாள்.

அதே பிள்ளையார்தான். வாழையிலை, மிஞ்சிய பட்டு நூல், இந்த முறை மாம்பழ நிறம். ஏழு வருஷத்தில் என் கட்டு இன்னும் நேர்த்தியாகியிருந்தது. லோகா சுற்றவில்லை, கண்ணை மூடவில்லை. கிட்டே இருந்ததை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

நான் வருத்தமான முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். "இன்னா பண்றது லோகா, சாமி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் மற்றப் பொட்டலத்தையும் எடுத்தாள்.

"அத்தப் பிரிக்கக் கூடாது."

"ஏன்?"

"சாமியச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்."

"நான் சாமியச் சந்தேகப்படல" என்றாள். நூலை அவிழ்க்காமல் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே நந்தியாவட்டை.

இரண்டு பூவையும் பிள்ளையார் காலடியில் வைத்தாள். "காத்தால பாத்திரம் தேய்க்கச்சொல்லோ பாத்தேன். அரளிச் செடியில ஒரு பூவு கூடப் பறிக்கல. எங்கியாவது வெளிய வாங்கியாந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் கிளம்பப் போனவள் அப்படியே நின்றாள். அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கும் இப்டித்தானா?"

என் நாக்கு வழக்கம்போல யார் மேலாவது போட ஆள் தேடியது. அன்றைக்கு அகப்படவில்லை.

"ஆமா" என்றேன். "ரெண்டும் செவப்பு."

லோகா படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எண்ணி எண்ணிப் பேசுவதுபோல் பேசினாள். "ஏழு வருசமா குழாயடியில நான் தல குனிஞ்சிக்கினு தண்ணி புடிக்கிறேன். மாமா தன் கையால மொத இழயத் தொடவே பயந்துக்கினு கெடக்குறாரு. நீங்க தெனம் சாப்ட்டுட்டு நல்லாத் தூங்கினீங்க."

"பயமா இருந்துச்சு லோகா."

"இருக்கட்டும். நான் திங்கக்கெழமலேர்ந்து பால்வாடிக்குப் போறேன். இது நான் எடுத்த முடிவு. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னக் கேளுங்க. மாமா கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

நல்ல நாள் பார்த்தது

சொல்ல வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் நல்லது எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆவணியில் அண்ணனுக்குக் காய்ச்சல். புரட்டாசியில் அவர் விரதம். விரதத்தில் இருக்கிறவரிடம் போய் இதைச் சொல்லலாமா? காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

வீட்டில் லோகா சண்டை போடவில்லை. "சாப்பாடு வெச்சிருக்குது", "தண்ணி எடுத்து வெச்சிருக்குது" என்பதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலம் பால்வாடியில் கற்றுக்கொடுத்த பாட்டை மகளுக்குப் பாடிக் காட்டுவாள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிடுவாள். நான் கோர்வை இல்லாத சேலையாகத் தனியாக நெய்துகொண்டிருந்தேன். ஆசைப்பட்ட தறி, ஆசைப்பட்ட கதவு. பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சாம்பல் கிண்ணம்

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. அண்ணன் வீட்டில் புதுப் பாவு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அண்ணன் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பழைய பாவின் நுனியும் புதுப் பாவும் எதிரெதிரே விரிந்து கிடந்தன. பக்கத்தில் சாம்பல் கிண்ணம். முதல் இழை சேர்க்க வேண்டிய அடுத்த தெருக்காரர் வரவில்லை.

"நேரம் தாண்டிக்கினு போவுது. நீங்களே ஆரம்பிச்சிடுங்க" என்றாள் அண்ணி.

"அவரு வரட்டும். என் கை வாணாம்."

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"உன் கை மேல ஒண்ணும் இல்லண்ணா. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வெச்சேன். நீ எத்த எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும்."

அண்ணி கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் முதலில் புரியாதவர் மாதிரி பார்த்தார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"தண்ணில போட்டியே, அது?"

"அதுவும்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரை அப்படிக் கோபமாக அதற்கு முன் பார்த்ததில்லை. "ஏழு வருசம்டா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தப் புள்ளையாரச் சுத்திக்கினு வந்து நான் இன்னாப்பா தப்புப் பண்ணேன்னு கேட்டேன். அது ஒண்ணும் சொல்லல. எப்டிச் சொல்லும்? வெளிய போடா."

போனேன். தெருவில் நின்றேன். வீட்டுக்குப் போய்விட்டால் இனி திரும்பி வர மாட்டேன் என்று தோன்றியது. எதிரே யாரோ ஈரத் தெருவில் பாவு நீட்ட முளையடித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணி வாசலுக்கு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"கூப்பிடறாரு. வா. எதிர்த்து எதுவும் பேசாத."

அண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

"லோகா அனுப்பிச்சாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"அவ சொல்லச் சொன்னா. அது ஆடி மாசம். நான்தான் நாள கடத்தினேன். இன்னிக்கு நானாத்தான் வந்தேன்."

"இப்ப இன்னா பண்ணப் போற? இங்க வரியா, அங்கியே இருக்கறியா? பூவு கீவு ஒண்ணும் வாணாம். வாயத் தொறந்து சொல்லு."

திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னால் அவர் மனம் குளிரும். ஆனால் அது இன்னொரு பொட்டலம்தான்.

"அங்கியே இருக்கறேண்ணா. எனக்குத் தனியாத்தான் இருக்கணும். அன்னிக்கும் அதான். உன் மேல எந்தக் கொறையும் இல்ல. எனக்குன்னு ஒரு வூடு வேணும்னு ஆசப்பட்டேன். கோர்வைக்கு ஆள் வேணும்னா தெனம் காத்தால வரேன்."

அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, உன் சாமானெல்லாம் நானே வண்டில ஏத்திக்கினு வந்து எறக்கி வெச்சிட்டு வந்திருப்பேன்டா."

நான் சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த தெருக்காரர் அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். அண்ணி அவரிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

அண்ணன் சாம்பலைத் தொட்டுக்கொண்டார். பழைய பாவிலிருந்து ஒரு இழை, புதுப் பாவிலிருந்து ஒரு இழை. முதல் முறை நழுவிவிட்டது. மறுபடியும் சாம்பலைத் தொட்டார். இந்த முறை இழை பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"காத்தால எத்தினி இட்லி துன்ன?"